எண்ணூறு அடிக் குன்றும் இரண்டு லிட்டர் தண்ணீரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் பிரிவு மாணவர், ரெட்டியார்பாளையம்)

புதுவை மண்ணில் பிறந்தோர்க்குக் கடல் உண்டு, ஏரி உண்டு, ஆறு உண்டு, மலை மட்டும் இல்லை. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவிலுள்ள மாடி வீடுகளே நான் இளமையில் கண்ட சிகரங்கள் எனலாம். ஆகவே மலையேற வேண்டும் என்னும் ஆசை நம் வகுப்பில் எழும்போதெல்லாம் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் செஞ்சி. திண்டிவனம் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காலையில் பேருந்து ஏறினால் இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். அங்குள்ள மூன்று குன்றுகளில் மிக உயர்ந்ததாகிய ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். "எண்ணூறு அடி தானே!" என்று எண்ணிப் புறப்படுவோர் பலர். அந்த எண்ணூறு அடியில் அடங்கியிருக்கும் அறிவியலை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற மாசி மாதக் கடைசியில் எங்கள் வகுப்பு மாணவர் பதினொருவர் ராஜகிரி உச்சிக்கு ஏறி இறங்கினோம். அது மலையேற்றப் பருவம் முடியும் தறுவாய். நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின் மார்கழியும் தையும் ஏறுவதற்கு ஏற்ற காலம். அப்போது பாறை குளிர்ந்திருக்கும். சுனைகளில் நீர் நிற்கும். புல் பசுமையாக இருக்கும். மாசி முடியும்போது இம்மூன்றும் மாறிவிடுகின்றன. தேர்வுகள், செய்முறைப் பயிற்சிகள், விடுமுறைகள் என்று தள்ளிப்போட்டு நம்மில் பெரும்பாலோர் புறப்படுவது இந்தப் பருவக் கடைசியில்தான். ஆதலால் இதைப் பற்றி எழுதுவது பயனுடையது எனக் கருதுகிறேன்.

குன்று பிறந்த கதை

செஞ்சி ஊரை நெருங்கும்போதே கண்ணுக்குத் தெரிவது மண் மலையன்று. யாரோ பெரும் பாறைகளைக் கூடை கூடையாகக் கொட்டி வைத்தது போன்ற கற்குவியல்கள். திருவண்ணாமலை செல்லும் சாலையின் ஒருபுறம் கிருஷ்ணகிரி. மறுபுறம் ராஜகிரி, சந்திரகிரி. மூன்றையும் இணைத்து ஓடும் கோட்டைச் சுவரின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர்.

இப்பாறை கிரானைட் இனத்தைச் சேர்ந்தது. நிலத்தின் அடியில் மிக ஆழத்தில், உருகிய பாறைக் குழம்பு மெல்ல ஆறி இறுகி உண்டானது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். கையில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் கண்ணாடி போன்ற படிகக் கல், வெண்மையும் இளஞ்சிவப்புமான பெல்சுபார், கறுத்து மின்னும் அப்பிரகம் ஆகிய மூன்றையும் நாமே பிரித்தறியலாம்.

ஆழத்தில் பிறந்த பாறை மேலே வந்தது எப்படி? மேலிருந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையாலும் காற்றாலும் அரிக்கப்பட்டது. மேல் பாரம் குறையக் குறைய, அமுக்கப்பட்டிருந்த பாறை சற்றே விரிந்தது. விரியும்போது வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பிளந்தது. குறுக்கிலும் நெடுக்கிலும் வேறு பிளவுகள் ஓடின. அப்பிளவுகளில் இறங்கிய நீர் பெல்சுபாரை மெல்லக் களிமண்ணாக்கியது. கட்டங்களாகப் பிரிந்த கற்களின் மூலைகள் முதலில் கரைந்தன. உருண்டைக் கற்கள் மிஞ்சின. இடையிலிருந்த மண்ணை மழை அடித்துச் சென்றது. நாம் காணும் கற்குவியல் கொட்டப்பட்டதன்று. மண் நீங்கியபின் எஞ்சி நின்றது. ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே ஆழமான பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. பழங்காலத்தில் அதன்மேல் மரப்பாலம் இருந்தது. பகைவர் வந்தால் பாலத்தை நீக்கிவிடுவார்கள். மேலே சிலர் நின்றே பலரைத் தடுத்துவிடலாம். கோட்டை கட்டியோர் தோண்டாமலே கிடைத்த அகழி அது.

உயரம் ஏறினால் குளிருமா?

மலை என்றாலே குளிர் என்பது நம் மனத்தில் பதிந்துவிட்ட எண்ணம். உதகையைக் கண்டு வந்த எண்ணம் அது. காற்று மண்டலத்தில் ஒரு கிலோமீட்டர் மேலே சென்றால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 14 டிகிரிக்கு மேல் குறைவு. ராஜகிரிக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 240 மீட்டருக்குக் கிடைக்கும் குறைவு ஒன்றரை டிகிரி மட்டுமே! நிழலில் 35 டிகிரி இருக்கும் நாளில் உச்சியில் 33.5 டிகிரி. அது நம் தோலுக்குத் தெரியவும் தெரியாது.

மற்றொன்றையும் கருத வேண்டும். புதுவையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று வந்து நம்மைக் காக்கிறது. செஞ்சி கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கிறது. அக்காற்று அங்கே போய்ச் சேர நேரமாகும், சேர்ந்தாலும் வலுவிழந்திருக்கும். எனவே கடற்கரையில் வாழும் நாம், நம் ஊர் வெயிலை அளவாகக் கொண்டு செஞ்சி வெயிலை மதிப்பிடலாகாது.

பாறை என்னும் அடுப்பு

என் தந்தையார் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நான் செஞ்சிக்குப் போகிறேன் என்றதும் அவர் உயரத்தைக் கேட்கவில்லை, தூரத்தையும் கேட்கவில்லை. "எத்தனை மணிக்குக் கல்லு மேல காலை வைக்கப் போற?" என்று மட்டும் கேட்டார். "ஒன்பது மணிப்பா" என்றேன். "பன்னெண்டுக்குள்ள எறங்கிடு. அதுக்கு மேல கல்லு பேசும்" என்றார்.

கல் பேசுவது என்ன என்பதை நம் பாடநூலின் மொழியில் சொல்கிறேன். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். ஒரு கிராம் கருங்கல்லுக்கோ சுமார் 0.2 கலோரி போதும். அதே வெயிலில், அதே எடையுள்ள கல் நீரைப்போல் ஐந்து மடங்கு சூடேறும். தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைக் கருங்கல் உட்கொள்கிறது. காலை முழுவதும் உட்கொண்டதை அது நண்பகல் முதல் வெளியிடத் தொடங்குகிறது. மூன்று வழிகளில் அது நம்மை வந்தடைகிறது: தொட்டால் கடத்தலால், அருகிலுள்ள காற்றைச் சூடாக்குவதால் சலனத்தால், தொடாமலே கதிர்வீச்சால். இருபுறமும் பாறை நிற்கும் படிக்கட்டில் நடப்பவன் அடுப்பின் வாய்க்குள் நடப்பவனை ஒத்தவன். ஒன்பது மணிக்குக் கைப்பிடியாக உதவிய ஒரு பாறையில், இறங்கும்போது மூன்று எண்ணும்வரை கூட எங்களால் கை வைக்க முடியவில்லை.

இதைச் சோதிக்கச் செஞ்சிக்குப் போக வேண்டியதில்லை. நம் கடற்கரைச் சாலையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றனவே, அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களால் கொண்டுவரப்பட்டவை. நல்ல வெயில் அடித்த நாளில், கதிரவன் மறைந்தபின் அத்தூண் ஒன்றில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கடற்காற்று குளிர்ந்து வீசும். தூண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்.

உடல் என்னும் எந்திரம்

இனி ஏறுபவனின் கணக்கு. என் எடை 60 கிலோகிராம். 240 மீட்டர் உயர நான் செய்ய வேண்டிய வேலை 60 x 9.8 x 240, அதாவது சுமார் 1,41,000 ஜூல். இது ஏறத்தாழ 34 கிலோகலோரி. ஒரு தட்டுச் சோற்றில் இதைவிட மிகுதி உண்டு! ஆனால் மனித உடல் திறன் குறைந்த எந்திரம். செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கே வேலையாகிறது. மூன்று பங்கு வெப்பமாகிறது. ஆகவே ஏறி முடிப்பதற்குள் உடலுக்குள் சுமார் 100 கிலோகலோரி வெப்பம் கூடுதலாகப் பிறக்கிறது. உயிர் வாழ்வதற்கே உடல் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோகலோரி உண்டாக்குகிறது. இவற்றோடு மேலிருந்து வெயில், பக்கத்திலிருந்து பாறை.

இவ்வளவு வெப்பமும் வெளியேறுவது எவ்வாறு? காற்று நம் தோலைவிடச் சூடாக இருக்கும்போது, கதவுகள் எல்லாம் அடைபட்ட வீட்டில் ஒரே ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அதுதான் வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரியை எடுத்துச் செல்கிறது. மேலே சொன்ன 170 கிலோகலோரியைப் போக்கவே ஏறத்தாழ 300 கிராம் வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும். சொட்டி விழும் வியர்வை கணக்கில் சேராது. அது வெப்பத்தை எடுத்துச் செல்லாமல் வீணாகிறது. வெயில், பாறை இரண்டின் பங்கையும் சேர்த்தால், கடும் வெயிலில் ஏறுபவன் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட நீரை இழக்கக்கூடும். அதனோடு உப்பும் போகிறது.

எனவே, மூன்று மணி நேரப் பயணத்துக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது ஆடம்பரமன்று. மிகக் குறைந்த தேவை. என் தாயார் பழைய சோற்று நீராகாரத்தில் உப்பும் மோரும் கலந்து ஒரு புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். அவர் பள்ளிக்கூடம் கண்டவர் அல்லர். ஆனால் நீர், உப்பு, சிறிது மாவுச்சத்து ஆகிய மூன்றும் அதில் இருந்தன. மருத்துவர் சொல்லும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு அது நெருங்கிய உறவு.

கோட்டை கட்டியோர் போட்ட கணக்கு

இத்தகைய வறண்ட பாறையில் படையோடு வாழ்ந்தார்களே, எப்படி? ஆனந்தக் கோன் காலத்தில், 1200ஆம் ஆண்டையொட்டி இக்கோட்டை தொடங்கப்பட்டதாகக் கூறுவர். பின்னர் விசயநகரத்தார், நாயக்கர், பீசப்பூர்ச் சுல்தானியர் எனக் கை மாறி, 1677இல் சிவாசியின் வசமானது. அவர் மகன் இராசாராம் இங்கே தங்கியிருந்தபோது, 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டது. ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகையைத் தாங்க மதில் மட்டும் போதுமா? தண்ணீரும் தானியமும் வேண்டும்.

கிரானைட் பாறை நீரை உறிஞ்சாது. மழைநீர் அதன் பிளவுகள் வழியாகவே இறங்குகிறது. பிளவு முடியும் இடத்தில் சுனையாகக் கசிகிறது. இந்த இயல்பை அறிந்தே அவர்கள் இடம் தேர்ந்தார்கள். ராஜகிரியின் மேல் கோட்டையில் நன்னீர் கிடைக்கும் இரு இடங்கள் இருந்தன. கீழே மழைநீரைத் தேக்கும் தேக்கங்கள் இருந்தன. அடிவாரத்தில் சக்கரகுளமும் செட்டிகுளமும் இன்றும் உள்ளன. கலியாண மகாலுக்குச் சுடுமண் குழாய்கள் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. பெரிய நெற்களஞ்சியங்களை இன்றும் காணலாம். அக்கோட்டையின் வலிமையில் பாதி கல்லில் இருந்ததென்றால், மறு பாதி நீரில் இருந்தது.

1714இல் தேசிங்கு ராசன் மாண்டபின் ஆர்க்காட்டு நவாப் வசம் சென்ற கோட்டையை, 1750 செப்டம்பரில் புசி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. அப்போது புதுவையில் கவர்னராக இருந்தவர் டூப்ளே. 1761இல் புதுவை வீழ்ந்த சில மாதங்களில் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 2025 சூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில், தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே.

செஞ்சிக்கும் நமக்கும் உள்ள உறவு தூண்களோடு முடிவதன்று. செஞ்சி மலைப் பகுதியில் பெய்யும் மழையே சங்கராபரணி ஆறாக ஓடி, எங்கள் ரெட்டியார்பாளையத்துக்கு மேற்கே வில்லியனூரைக் கடந்து கடலில் கலக்கிறது. ஊசுட்டேரி நிறைவதும் அவ்வாற்று நீரால்தான். அந்தப் பாறைகள் உறிஞ்சாமல் வழியவிடும் நீரைத்தான் நாம் ஏரியில் காண்கிறோம்.

இறங்கும்போது நேர்ந்தது

பத்தேகால் மணிக்கு உச்சியை அடைந்தோம். அரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் உள்ள அவ்விடத்தில் காற்று வீசியது. நான்கு புறமும் கற்குன்றுகளும் வயல்களும் ஏரிகளும் தெரிந்தன. மகிழ்ச்சியில் நேரம் ஓடிவிட்டது. பதினொன்றரைக்கே இறங்கத் தொடங்கினோம்.

கமலக்கன்னியம்மன் கோயிலைக் கடந்து இறங்கும்போது நண்பர் ஒருவர், "மச்சான், தலை சுத்துது, கொஞ்சம் நில்லு" என்றார். முகம் வெளுத்திருந்தது, சட்டை முழுதும் நனைந்திருந்தது, குமட்டல் வேறு. அருகிலிருந்த வாயில் மண்டபத்து நிழலுக்குத் தாங்கிச் சென்றோம். படிகளைப் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "தம்பிங்களா, சுத்தி நிக்காதீங்க. காத்து வரட்டும். படுக்க வெச்சுக் காலை ஒசத்துங்க" என்றார். தம் தலைத்துண்டை நனைத்து நண்பரின் கழுத்திலும் கையிடுக்கிலும் வைத்தார். நீராகாரத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் முகத்தில் தெளிவு வந்தது. நண்பர் எழுந்து உட்கார்ந்து, "கீழ வெள்ளரிப்பிஞ்சு வித்தாங்களே" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

இதற்கு வெப்பச் சோர்வு என்று பெயர். நீரும் உப்பும் குறைந்து, தோலைக் குளிர்விக்க இரத்தம் அங்கே திரும்பியதால் மூளைக்குப் போகும் ஓட்டம் தளர்ந்ததே காரணம். இந்நிலையில் நிழலும் ஓய்வும் உப்பு நீரும் போதும். இதைக் கவனியாது நடந்தால் அடுத்த படி வெப்ப வாதம். அப்போது உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறும், பேச்சுக் குழறும், அறிவு மயங்கும். அது உயிருக்கே கேடு. உடனே உடலெங்கும் நீரூற்றிக் குளிர்வித்தபடி 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். நினைவு மயங்கியவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

அந்த அரை மணி நேரத்தில் என் நினைவில் ஓடியது ஒன்று. எங்களுக்கு நிழல் இருந்தது. நிற்க உரிமை இருந்தது. "போதும், இறங்குவோம்" என்று சொன்னால் எங்களை யாரும் கேட்க மாட்டார்கள். அதே நேரத்தில் என் தந்தையார் ஏதோ ஒரு வீட்டின் மேல்தளத்தில், காங்கிரீட்டுக்கும் கதிரவனுக்கும் இடையே நின்றுகொண்டிருப்பார். அவருக்குத் தலை சுற்றினால் அரை நாள் கூலி போகும். கல் பேசும் என்று அவர் சொன்னது மலையைக் கண்டு கற்றதன்று. நான் பாடநூலில் கலோரியாகப் படித்ததை அவர் முப்பது ஆண்டுகளாக உள்ளங்காலால் படித்திருக்கிறார்.

செல்வோர் கவனத்திற்கு

1. மார்கழி, தை மாதங்களில் செல்வது சிறந்தது. பருவக் கடைசியில் செல்வதாயின் வாயில் திறந்தவுடன் ஏறுக. நண்பகலுக்குள் அடிவாரம் சேர்க. உச்சியை அடையாவிட்டாலும் குறித்த நேரத்தில் திரும்புக.

2. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலை தட்டிக் கலந்து எடுத்துச் செல்லலாம்.

3. வெறும் வயிற்றில் ஏற வேண்டாம். வெளிர் நிறப் பருத்தி உடையும் தலைத்துண்டும் வேண்டும்.

4. இறங்கும்போது மிகுந்த கவனம் தேவை. மழையற்ற மாதங்களில் பாறைமேல் படியும் பரல்மணல் உருளைகளைப் போல் வேலை செய்து உராய்வைக் குறைக்கிறது. பாதம் முழுதும் பதித்து, சிறு அடியாக வைத்து இறங்குக.

5. காய்ந்த புல்லருகே நெருப்பு வேண்டவே வேண்டாம். தேனி மாவட்டக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதுவும் பருவக் கடைசிதான்.

6. குரங்குகள் மிகுதி. உணவைக் கையில் காட்டிச் செல்லாதீர்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

நண்பர்களே, இக்கணக்கு மலைக்கு மட்டும் உரியதன்று. நம் கல்லூரிக்கு வரும் வழியெல்லாம் வீடுகள் எழும்புகின்றன, சாலைகள் போடப்படுகின்றன. அங்கே நண்பகலில் நிற்போரும் 60 கிலோகிராம் மனிதர்களே. அவர்கள் வியர்வைக்கும் கிராமுக்கு 580 கலோரிதான். வேலை நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் பிரிப்பதும், தளத்தருகே ஒரு கீற்றுப் பந்தலும் உப்பிட்ட மோர்ப் பானையும் வைப்பதும் இரக்கத்தால் செய்யும் தருமம் அல்ல. இயற்பியல் விதித்த தேவை. நாளை நம்மில் பலர் பொறுப்புள்ள இடங்களில் அமரப் போகிறோம். வேலை நடக்கும் இடத்துக்குப் போய் நிற்கும்போது அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதே.